பூ வைக்காத ஜெயராணி டீச்சர்

ஜெயராணி டீச்சர் இறந்துவிட்டார். காலையில் வாட்ஸ்அப்பில் பார்த்தேன்… அப்படியே வத்தலக்குண்டுக்கு பஸ் ஏறிவிட்டேன். இப்போது திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இரண்டாயிரத்தின் ஆரம்பத்தில் நிலக்கோட்டைப் பக்கம் ஒரு ஹைஸ்கூலில் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் கணக்கு, நான் சயின்ஸ்.

டீச்சர் பூ வைக்க மாட்டார். நகையும் கிடையாது. அவர்கள் கிறிஸ்தவ சபையில் அப்படி. எங்கள் ஸ்கூலிலோ வெள்ளிக்கிழமையானால் ஒரே மல்லிகை வாசம்தான். தோட்டம் இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் கட்டிக்கொண்டு வந்து, கிள்ளிக் கிள்ளிக் கொடுத்து, எல்லாரும் வைத்துக்கொள்வார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை… பேர் சொல்ல மாட்டேன். அப்பா லாரி டிரைவர். அவர் இறந்து, பின்னாலேயே அம்மாவும் போய்ச் சேர்ந்து, மல்லிகைத் தோட்டம் இருக்கிற அத்தை வீட்டில் இருந்து படித்தாள். டென்த் எழுதிவிட்டு நர்சிங் போகணும் என்பாள்.

பெரியாஸ்பத்திரியில் அவளை ஊர்க்காரர் யாரோ பார்த்துவிட்டார். எந்த வார்டு வாசலில் என்பதையும் பார்த்துவிட்டார். அந்த வாரமே ஊர் முழுக்கப் பேச்சு, அவளுக்கும் எச்ஐவி என்று.

எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று போர்டில் படம் போட்டு நடத்தியவள் நான். பிள்ளைகள் பரீட்சையில் சரியாகத்தான் எழுதினார்கள். ஆனால் அவளிடம் பூ மட்டும் வாங்கவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை அவள் பூ சாயங்காலம் வரை பையிலேயே கிடந்தது. அடுத்த வெள்ளியும் கட்டிக்கொண்டு வந்தாள், கிறுக்குப் பிள்ளை…

அன்றைக்கு பிரேயர் முடிந்ததும், எல்லாரும் பார்க்க, டீச்சர் அவள் முன்னால் போய் நின்றார். "இங்க குடு தாயி. நீயே வச்சு விடு" என்று தலையைக் குனிந்தார். அந்தப் பிள்ளை எட்டி வைத்துவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

எங்கே சரியானது? திங்கட்கிழமை பெற்றவர்கள் மொத்தமாக வந்தார்கள். சண்டை போட்டிருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம். சத்தமே இல்லை. ஒரு அம்மா மட்டும் டீச்சரைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"நீங்க வாழ்ந்து முடிச்சவுக, வச்சுக்கிட்டீக. எங்க புள்ளைக இனிமேத்தான வாழணும்… அந்தப் புள்ளைய நாங்க ஒன்னும் சொல்லல. எங்களுக்கு டிசி குடுத்துருங்க."

ஹெட்மாஸ்டர் பேசிப் பார்த்தார். நானும் பேசினேன். கேட்டுக்கொண்டார்கள், தலையாட்டினார்கள். மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் பாதி பெஞ்ச் காலி.

டீச்சர் பூ வைத்த விஷயம் சபைக்கும் போய்விட்டது. அங்கேயும் கூப்பிட்டு விசாரித்தார்களாம். ஊருக்கும் பொல்லாதவர், சபைக்கும் பொல்லாதவர். நல்ல கூத்து.

அந்த வாரக் கடைசியில் ஸ்டாஃப் ரூம் வாசலில் அந்தப் பிள்ளை வந்து நின்றாள்.

"நான் வரலைன்னா அவங்கல்லாம் வந்துருவாங்கல்ல டீச்சர்?"

 

அதன் பிறகு அவள் வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அத்தை வீட்டுக்குப் போனோம். திருப்பூர்ப் பக்கம் ஏதோ கம்பெனிக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். எந்தக் கம்பெனி என்று கேட்டதற்குத் தெரியாது என்றார்கள். வகுப்பு மறுபடி நிறைந்துவிட்டது.

ரிட்டையர் ஆன பிறகும் டீச்சர் போன் செய்வார். முட்டிவலி, மருமகள், பேரன் எல்லாம் பேசி முடித்து, வைக்கும் முன்னால் கேட்பார்… "அந்தப் புள்ள எதும் பேசுச்சா?"

இல்லை டீச்சர் என்பேன். சரி என்று வைத்துவிடுவார்.

இன்றைக்கு வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் மல்லிகை வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று அவருக்குத் தெரியும்.

வாசலிலேயே மகன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க ஆன்ட்டி… எங்க சபைல பூ போட மாட்டோம். அம்மா பூவே வச்சதில்ல."

அந்த வீட்டில், அந்த நேரத்தில், நான் என்ன சொல்ல? சரிப்பா என்றேன். பையை மூடிக்கொண்டு போய் அவர் காலைத் தொட்டுவிட்டு வந்தேன்.

தாயி… இதை நீ எங்கிருந்தாவது பார்த்தால் உனக்குப் புரியும். டீச்சர் போயிட்டாங்கம்மா.

போயிட்டு வாங்க டீச்சர். பூ என் மடியில்தான் இருக்கு…