வெள்ளீய முடி

மெக்கானிக் சான்றிதழ், ஆண்கள் மட்டுமே இருந்த பட்டறையில் ஓர் இடம், ஓர் ஓட்டுநரின் பறிபோகவிருந்த வேலை: மூன்றையும் தங்கை போராடித்தான் வென்றாள் என்பதில் அக்காவுக்குத் தாளாத பெருமை.

வேன் தானாகப் பாய்கிறது என்றார் ஓட்டுநர். கழற்றிப் பார்த்தால் குறையே இல்லை. குடித்திருப்பார் என்று வேன் உரிமையாளர்கள் அவரை வேலையைவிட்டுத் தூக்கப் பார்த்தார்கள். தங்கையின் சந்தேகமோ பட்டறையின் காற்றுக்குழாய் மேல் விழுந்தது. எதைத் திறந்தாலும் முதலில் காற்றடித்துத் தூசி தட்டுவது பட்டறை வழக்கம்.

“இந்தத் தடவை காத்தடிக்காதீங்கண்ணே.”

“ஏம்மா, உள்ள இருக்குற பேய்க்குச் சளி பிடிச்சிடுமா?” என்று சிரித்தார் மூத்த மெக்கானிக்.

பூதக்கண்ணாடியில் பார்த்தாள். ஆக்சிலரேட்டர் சென்சாருக்குள் வெள்ளீயப் பூச்சிலிருந்து முளைத்த உலோக முடி ஒன்று, இரண்டு மின்முனைகளைத் தொட்டு, மிதிக்காத பெடலை மிதித்ததாகக் காட்டிக்கொண்டிருந்தது. காற்றடித்தபோதெல்லாம் குற்றவாளி பறந்துபோய், பிறகு புதிதாக முளைத்திருந்தது.

ஓட்டுநரின் வேலை தப்பியது. பழுது அறிக்கையில் அதுவரை மூத்த மெக்கானிக்தான் கையெழுத்திடுவார். அன்று பேனாவை அவளிடம் நீட்டினார்.

தங்கை முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்ட நாள் 2011 மார்ச் 17.