இங்கிலீஷ் நேரம்

போன ஐப்பசி மாதம், மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், மாரண்டஹள்ளியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எங்கள் வீட்டில் இது நடந்தது. கேட்டவர்கள் எல்லாம் "நல்ல வேளை, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு" என்றார்கள். அப்படிச் சொல்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நல்ல வேளையும் இல்லை, ஒன்றும் இல்லை. அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்று முழுதாகத் தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

கதை ஓசூரில் ஆரம்பிக்கிறது. அங்கே ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பதினான்கு வருடமாகத் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு வார்ப்பைக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்தாலே உள்ளே கீறல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். போன வருடம் எங்கள் சரக்கை வாங்குகிற வெளியூர்க்காரர்கள் சோதனைக்கு வந்தார்கள். ஒரு கீறலைக் காட்டி இது எப்படி வந்தது என்று கேட்டார்கள். கண்டுபிடித்ததே நான்தான். காரணமும் எனக்குத் தெரியும். ஆனால் கேள்வி இங்கிலீஷில் வந்தது, என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்ற பையன், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அளவு பார்க்கும் வெர்னியரைப் பிடிக்கவே நான் சொல்லிக் கொடுத்தவன், என்னிடம் காதைக் கொடுத்துத் தமிழில் கேட்டு அதையே இங்கிலீஷில் சொன்னான். கை தட்டினார்கள். அடுத்த மாதம் அவன் எனக்கு மேலே போய் உட்கார்ந்தான். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, உங்களுக்கு வேலை தெரியுது, பேசத்தான் வரலை என்றார். ஏதோ ஆறுதல் சொன்ன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

அந்தக் கோபம் இன்றைக்கும் எனக்கு உண்டு. அது நியாயமான கோபம். அதை எங்கே கொண்டுபோய் இறக்கினேன் என்பதில்தான் நியாயம் இல்லை.

இங்கிலீஷ் பேசிப் பழகுகிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தேன். தினமும் யாராவது ஒருவரோடு நம்மை ஜோடி சேர்த்துவிடுவார்கள். அரை மணி நேரம் போனில் பேச வேண்டும், இங்கிலீஷ் மட்டும். முதல் ஷிப்ட் முடிந்து நான் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன் என்பதால் ஆறரைக்கு வைத்துக்கொண்டேன். அதோடு விட்டிருக்கலாம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சும்மா சொன்ன சொல் இல்லை. வீட்டிலும் அந்தப் பழக்கம் வந்தால்தான் நாக்கு திரும்பும் என்று முடிவு செய்து, பழைய காலண்டர் அட்டையின் பின்புறம் 'ஆறரை முதல் ஏழரை வரை இங்கிலீஷ் மட்டும்' என்று மார்க்கரால் எழுதி, கூடத்தில் ஆணி அடித்து மாட்டினேன். அந்த நேரத்தில் தமிழில் கூப்பிட்டால் எனக்குக் காது கேட்காது என்று அறிவிப்பும் செய்தேன். கம்பெனியில் ஒருத்தனிடமும் வாயைத் திறக்க முடியாதவன், வீட்டில் கலெக்டர் மாதிரி உத்தரவு போட்டேன்.

ஒன்பதாவது படிக்கும் மகள் கெட்டிக்காரி. மறு வாரமே அந்த நேரத்துக்கு டியூஷனை மாற்றிக்கொண்டு தப்பித்துவிட்டாள். மீதி இருந்தது என் மனைவி.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பிறந்தது எல்லையோரத்தில், கன்னடம் பேசும் குடும்பம். கல்யாணமாகி வந்தபோது அவளுக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும். அப்போது வீட்டில் இருந்த என் அம்மாவும் தங்கையும், வீட்டுக்கு யாராவது வந்தால் அவளைக் கூப்பிட்டு ஏதாவது சொல்லச் சொல்வார்கள். அவள் சொல்வாள், எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போவாள். ஒரு வருடத்துக்குள் சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்குக் கற்றுக்கொண்டாள். எந்தக் குழுவும் இல்லை, ஜோடியும் இல்லை. அதை யாரும் மெச்சவில்லை. அது ஒரு சாமர்த்தியம் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை.

அட்டை மாட்டிய முதல் வாரம் அவளும் முயற்சி செய்தாள். மாடு பால் கறக்க விடவில்லை என்று ஏதோ இங்கிலீஷில் சொன்னாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். போதாதென்று தங்கைக்குப் போன் போட்டு அப்படியே சொல்லிக் காட்டினேன். அவள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அன்றிலிருந்து அந்த ஒரு மணி நேரம் அவள் வாயே திறப்பதில்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். பேசத் தெரியாது, பாவம் என்றும் நினைத்தேன்.

அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஜோடி யாரோ வடக்கத்தி ஆள். தலைப்பு, தினசரி வாழ்க்கை. நான் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தேன், பல் விளக்கியபின் என்ன செய்தேன், எத்தனை இட்லி சாப்பிட்டேன் என்று முன்பின் தெரியாத ஒருவனுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் மாட்டுக் கொட்டகையில் தீனிக்குச் சோளத்தட்டு உருவப் போயிருந்தாள். கொட்டகை பல்பு போய் நாலு நாள் ஆகியிருந்தது. மாற்றச் சொல்லி இரண்டு முறை சொன்னாள். எனக்கு நேரம் இல்லை, நான்தான் படித்துக்கொண்டிருந்தேனே.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று, "ஏங்க" என்றாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "ஏங்க, கொஞ்சம் வாங்க" என்றாள் மறுபடியும். எனக்கு எரிச்சல் வந்தது. அப்போதுதான் வாக்கியங்கள் தடங்கல் இல்லாமல் வர ஆரம்பித்திருந்தன. போனைக் கையால் மூடிக்கொண்டு, சுவரில் இருந்த அட்டையைக் காட்டி, "இங்கிலீஷ்ல சொல்லு" என்றேன்.

அவள் அட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டாள். நான் இட்லிக்குத் தொட்டுக்கொண்டது என்ன என்று சொல்லப் போனேன்.

பேசி முடித்தபோது அந்த ஆள், உங்கள் இங்கிலீஷ் ரொம்பத் தேறியிருக்கிறது என்று பாராட்டினான். சந்தோஷமாக வெளியே வந்தேன். மாடு கத்திக்கொண்டிருந்தது. சோளத்தட்டு அவிழ்ந்து தரையில் கிடந்தது. அவளைக் காணோம். அதற்குள் பக்கத்துத் தோட்டத்து அக்கா வரப்பில் ஓடி வந்தார். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்க வூட்டுலதான் இருந்தீங்களா? பாம்பு கடிச்சு அந்தப் புள்ள எங்க வூட்டுக்கு நடந்து வந்துச்சுங்க. எங்க வூட்டுக்காரரு வண்டியில வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காரு. நீங்க இல்லையாட்டம் இருக்குதுன்னுல்ல நாங்க நெனச்சோம்."

பைக்கை எடுத்துக்கொண்டு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. ஒன்று மட்டும் நன்றாக நினைவிருக்கிறது, அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. வழி முழுதும் என் மண்டைக்குள், டாக்டரிடம் இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று ஒரு வாக்கியம் தானாக உருவாகிக்கொண்டே இருந்தது. ஒரு மாதமாகப் பழக்கிய நாக்கு, நிறுத்தினாலும் நிற்கவில்லை. செருப்பைக் கழற்றி என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

மாரண்டஹள்ளியில் முதலுதவி செய்து 108-இல் தருமபுரிக்கு அனுப்பினார்கள். நானும் ஏறிக்கொண்டேன். கணுக்காலுக்கு மேலே வரை வீங்கியிருந்தது. அவள் என் பக்கம் திரும்பவில்லை.

தருமபுரி பெரியாஸ்பத்திரியில் இருந்த டாக்டர் என்னை விடச் சின்னவர். நான் பயந்த மாதிரி ஒன்றும் இல்லை, நல்ல தமிழில்தான் பேசினார். எத்தனை மணிக்குக் கடித்தது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. போனை எடுத்து அந்த அழைப்பைத் தேடினேன். ஆறு முப்பத்து நாலுக்கு ஆரம்பித்திருந்தது, ஏழு ஒன்றுக்கு முடிந்திருந்தது. இட்லிக் கதை பாதியில் இருந்தபோது அவள் வந்தாள். கணக்குப் போட்டு, ஆறே முக்கால் இருக்குங்க என்றேன். அப்போதுதான் அந்தக் கணக்கு எனக்கே உறைத்தது. அவள் வந்து கூப்பிட்டுப் போன பிறகு நான் பதினாறு நிமிடம் பேசியிருக்கிறேன்.

கடித்த பிறகு நடந்தார்களா என்று கேட்டார். பக்கத்து வீடு வரைக்கும் நடந்தாள் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"நடக்கவே கூடாதுங்களே. வீட்ல யாரும் இல்லைங்களா?"

"இருந்தேங்க" என்றேன்.

அவர் குனிந்து அதையும் எழுதிக்கொண்டார். கேட்டுத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கண்ணாடி விரியன் என்றார்கள். ரத்தம் உறைகிறதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தார்கள், மருந்து ஏற்றினார்கள், சிறுநீரகம் தாங்க வேண்டும் என்றார்கள். பக்கத்துத் தோட்டத்து அக்காவோடு வந்திருந்த மகள் பெஞ்சில் என்னை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தாள். நான் வீட்டில்தான் இருந்தேன் என்பதை அக்கா அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் காய்ச்சலில் என் மனைவி புலம்பினாள். கன்னடத்தில் புலம்பினாள். பதினாறு வருடக் குடித்தனத்தில் அந்தப் பாஷை அரைகுறையாக என் காதில் விழுந்திருக்கிறது, ஒரு சொல்லை என் வாயில் வைத்துப் பார்த்ததில்லை. என்ன வேண்டும் என்று குனிந்து கேட்கிறேன், அவள் சொல்கிறாள், எனக்குப் புரியவில்லை. அவ்வழியே வந்த நர்ஸ் ஒருவர் நின்று கேட்டார். அவரும் எல்லைப் பக்கத்துக்காரர் போல. அவளோடு கன்னடத்தில் நாலு வார்த்தை பேசி, நெற்றியைத் தடவிவிட்டு, கால் எரியுதுன்னு சொல்றாங்க என்று எனக்குத் தமிழில் சொன்னார். என் மனைவி சொன்னதை யாரோ ஒருவர் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. கம்பெனியில் அந்தப் பையன் என் பதிலை எடுத்துச் சொன்னபோது பொங்கினேனே, இங்கே பொங்க யார் மேல் எனக்கு உரிமை இருக்கிறது?

சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, அட்டை விஷயத்தை என்னிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, வாயைத் திறந்து பாம்பு என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாமே என்று அவளையே குறை சொன்னார்கள். தங்கை ஒரு படி மேலே போய், பாவம் அண்ணிக்கு இங்கிலீஷ்ல சொல்ல வரலை என்றாள். நான் தங்கையை வெளியே போகச் சொன்னேன். அவள் சொன்னதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் அத்தனை கோபம் வந்தது.

மூன்றாம் நாள் அவள் எழுந்து சாய்ந்து உட்கார்ந்தாள். சிறுநீர் நன்றாகப் பிரிகிறது, இனி பயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். யாரும் இல்லாத நேரம். எனக்குப் பொறுக்கவில்லை. நான் சொன்னது ஒரு மடத்தனம், அதுக்காகத் தெரியாத வார்த்தையைத் தேடிக்கிட்டு நிப்பியா, தமிழிலேயே கத்தியிருந்தால் ஓடி வந்திருக்க மாட்டேனா என்று கேட்டேன். அவள் என்னையே பார்த்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"பாம்புக்கு ஸ்னேக்குன்னு ஒண்ணாங்கிளாஸ் புள்ளயும் சொல்லும். எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? தெரிஞ்சேதான் சொல்லல. மொத வருசம் உங்க வூட்டுல எல்லாருஞ் சேந்து வெச்ச பரிட்சையவே எழுதி முடிச்சவ நானு. உசுரு போற நேரத்துல இன்னொண்ணு எழுதச் சொல்றீங்களே, எழுத மாட்டேன்னு போயிட்டேனுங்க."

அவளுக்குப் பேசத் தெரியாது என்று பாவப்பட்டுக்கொண்டிருந்தவன் நான். அவள் என்னை மதிக்க மறுத்திருக்கிறாள், அதுவும் காலில் விஷத்தோடு. அவளை அப்படி ஆக்கி வைத்தது நான். மன்னிப்புக் கேட்டேன். பார்க்கலாம் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பல்பை மாற்றினேன். அட்டையைக் கழற்றிக் கிழிக்கப் போனேன். அவள் வாங்கிக்கொண்டாள். அட்டை நல்ல கெட்டியாக இருக்கிறதாம். இப்போது அடுப்புச் சாம்பல் அள்ள வைத்திருக்கிறாள். எழுத்துப் பாதி அழிந்துவிட்டது, மீதியும் சீக்கிரம் அழியும்.

இங்கிலீஷை நான் விடவில்லை. ஏன் விட வேண்டும்? கம்பெனியில் அந்த நாற்காலி இன்னும் எனக்கு வர வேண்டியதுதான். இப்போதும் ஆறரைக்குப் பேசுகிறேன், ஆனால் கொட்டகை ஓரமாக நின்றுகொண்டு, மாடு கேட்கட்டும் என்று. நர்ஸ் பேசியதைக் கேட்ட பிறகு, கால் வலிக்கிறதா, தண்ணீர் வேண்டுமா என்று கன்னடத்தில் கேட்கவும், அம்மாவிடம் அதைப் பழகியிருந்த மகளை வைத்துக் கற்றுக்கொண்டேன். முதல் முறை கேட்டபோது என் மனைவி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

இப்போதெல்லாம் அவள் "ஏங்க" என்றால் மறுமுனையில் யார் இருந்தாலும் வைத்துவிட்டுப் போகிறேன். பெரும்பாலும் தண்ணீர்க் குடத்தை இறக்கிவிடத்தான் கூப்பிடுவாள், ஆனாலும் அந்த நாலு எட்டு நடக்கும்போதெல்லாம், அன்று நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் இட்லிக் கதை பேசிக்கொண்டிருந்தவன் மேல் எனக்கு வருகிற கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.