ஓசியில் வந்த லினக்ஸும் ஊர் வாயும்

ஊரார் அவசரத்தையெல்லாம் தன் மேசையில் இறக்கி வைத்துக்கொண்டு, அதற்குத் தானே திட்டும் வாங்கிக்கொள்கிற தொழிலுக்கு ஜாப் டைப்பிங் என்று பெயர். டைப்பிங் கடை, ஜெராக்ஸ் கடை, பிரௌசிங் சென்டர் என்று ஏதாவது ஒன்றை வைத்து நொந்துபோன உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

நான் எட்டாவதோடு நின்றவள். தமிழ் டைப்ரைட்டிங் மட்டும் ஒழுங்காகப் பழகினேன். மிஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது, விருத்தாசலம் கடலூர் ரோட்டில் நாலு கம்ப்யூட்டர் போட்டு உட்கார்ந்தேன். அதை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு கிடையாது. அந்தப் பிழைப்புக்கே உலை வைக்கப் பார்த்தார்கள். கோபம் ஆறட்டும், ஆறின பிறகு எழுதலாம் என்று இருந்தேன். ஆறுகிற வழியைக் காணோம். சூட்டோடவே எழுதிவிடுகிறேன்.

நாலு பேருக்கு ஒரு பென்டிரைவ்

எங்கள் ஊரில் பீங்கான் பொம்மை செய்கிற சின்ன யூனிட்காரர்கள் தனித்தனியாகச் சூளை மூட்ட மாட்டார்கள். ஒருத்தர் சரக்கு ஒரு சூளைக்குக் காணாது. நாலு பேர் சரக்கைச் சேர்த்து அடுக்கி ஒன்றாக வேக வைப்பார்கள். நல்ல பழக்கம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பென்டிரைவ் என்று ஒரு சாமான் வந்ததும், அதையும் நாலு பேர் கூட்டாக ஒன்றே ஒன்று வாங்கினார்கள் பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது. அந்த நாலு பேரில் வாய் பெரியவர் கலியபெருமாள். பென்டிரைவை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவார். அவர் கழுத்திலிருந்து இறங்கினால் அடுத்த யூனிட், அங்கிருந்து போட்டோ ஸ்டுடியோ, அப்புறம் பஸ் ஸ்டாண்டில் செல்போனுக்குப் பாட்டு ஏற்றுகிற கடை, கடைசியில் என் கடை. போன இடத்து வைரஸையெல்லாம் சீர்வரிசை மாதிரிச் சுமந்து வந்து என் கம்ப்யூட்டரில் இறக்கும்.

கொலுவுக்கு முன்னால் சென்னைக் கடைகளுக்குப் பொம்மைப் படங்களோடு விலைப் பட்டியல் அனுப்ப வேண்டும். நாலு யூனிட்டுக்கும் நான்தான் அடித்துக் கொடுப்பேன். அந்த வேலைதான் என் கடையைத் தூக்கி நிறுத்துகிற தூண். அந்த வருஷம் எல்லாம் அடித்து முடித்து, மறுநாள் காலையில் திறந்தால் ஒன்றையும் காணோம். என் கம்ப்யூட்டரிலும் இல்லை, பென்டிரைவிலும் இல்லை. சர்வீஸ் சேகர் வந்து பார்த்தான். "எல்லாம் போச்சுக்கா" என்று சொல்லி, இரண்டையும் துடைத்துக் கழுவி மறுபடி விண்டோஸ் போட்டுக் கொடுத்தான். நான் முதல் எழுத்திலிருந்து திரும்ப அடித்தேன். பட்டியல் தாமதமாகப் போனதால் பாதி ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விட்டது.

பென்டிரைவை ஊர் மேய விட்டது யார்? அவர்கள். பழி யாருக்கு? கலியபெருமாள் என் கடை வாசலில் நின்று, ரோட்டில் சைக்கிளில் போகிறவனுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "ஊர்ல இருக்குற வைரஸெல்லாம் ஒங்க கடையிலதான் குடித்தனம் பண்ணுதாமே அக்கா!"

சேகருக்கு இருந்த நல்ல மனசு

அப்போது எங்கள் ஊரில் யாரும் விண்டோஸைக் காசு கொடுத்து வாங்கியதில்லை. ஒருத்தர் சிடியை நாப்பது பேர் நகல் எடுத்து ஓட்டுவதுதான் வழக்கம். என் கடையிலும் அதுதான். நிஜ சிடி வாங்கலாமா என்று விலை கேட்டேன், கேட்டதோடு சரி. அதனால் வைரஸ் வரும், சேகர் வருவான், துடைப்பான், காசு வாங்கிப் போவான். அடுத்த அமாவாசைக்குள் மறுபடி வருவான். நானும் அவனுக்கு டீ சொல்லி, வடை சொல்லி, "நல்ல புள்ளை" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் பெண்டாட்டிக்கு வளைகாப்பு என்று கூப்பிட்டிருந்தான். போனேன். கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரை வேறு மாதிரி இருந்தது. என்னடா இது என்று கேட்டேன். வாய் தவறிச் சொல்லிவிட்டான். "இது லினக்ஸ் அக்கா, விண்டோஸுக்குப் பதிலா போடுறது. எல்லாரும் சேர்ந்து எழுதி சும்மாவே குடுக்குறாங்க. நகல் எடுத்தாலும் தப்பு இல்ல. இந்தப் பென்டிரைவ் வைரஸெல்லாம் இதுகிட்ட வாலாட்டாது. கேட்டா சிடிய தபால்லயே அனுப்புவாங்க."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். கையில் வளையல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்ணையும் பார்க்கவில்லை, புளிசாதத்தோடு வந்த மாமியாரையும் பார்க்கவில்லை. "ஏண்டா படுபாவி, ரெண்டு வருஷமா எம் மிஷினைக் கழுவிக் கழுவிக் காசு வாங்குன. இந்தச் சங்கதிய சொல்றதுக்கு ஒனக்கு வாயில என்ன புண்ணா?" என்று கத்தினேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, கொஞ்சமும் கூசாமல் சொன்னான்: "அதைப் போட்டுட்டா நீங்க என்னைக் கூப்புடவே மாட்டீங்களேக்கா."

ஓசியில் கொடுப்பது எதை?

அவனையே சிடி கேட்டு எழுதச் சொன்னேன். வெகுநாள் கழித்து நிஜமாகவே தபாலில் வந்தது. காசு ஒன்றும் இல்லை. அட்டை உறையும் அதுவுமாகக் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. எனக்கு மனசு குளிர்ந்துபோய், அந்த நேரம் கடைக்கு வந்த கலியபெருமாளிடமே முதலில் காட்டினேன். காசில்லாமல் இதைக் கொடுக்கிறார்கள் என்றும், வைரஸ் சனியன் இத்தோடு விட்டது என்றும் சொன்னேன்.

மனுஷன் சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். பொம்மையில் கீறல் இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது போல விரலால் சுண்டியும் பார்த்தார். அப்புறம் என்மேல் இரக்கப்பட்டு, மெதுவாகச் சொன்னார்: "வெவரம் புரியாம இருக்கீங்களேக்கா, நாங்க கூட ஓட்டை விழுந்த பொம்மையத்தான் ஓசியில குடுப்போம்."

பச்சை மலையைக் காணோம்

ஓட்டையோ உடைசலோ, நாலிலும் லினக்ஸ் போட்டாயிற்று. என் பழைய டைப்ரைட்டர் விசை வரிசையே அதில் இருந்தது. விரல் தானாக ஓடியது. எனக்குச் சந்தோஷம். வந்தவர்களுக்குத்தான் ஆகவில்லை. இடது பக்கம் கீழே 'ஸ்டார்ட்' இல்லையென்று ஒருத்தன் எழுந்து போனான். நீலமாக ஒரு இங்கிலீஷ் 'ஈ' இருக்குமே, அது இல்லாமல் இன்டர்நெட் எப்படி வரும் என்று ஒரு காலேஜ் பெண் சண்டைக்கு வந்தாள். வேறு படத்தை அமுக்கினாலும் அதே இன்டர்நெட்தான் வரும் என்று சொன்னால் கேட்கிற காதைக் காணோம்.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் வாரா வாரம் பஸ் ஏறி வருவார். மகள் துபாயிலிருந்து அனுப்புகிற பேத்தி படத்தைப் பார்ப்பதற்காக. நல்ல மனுஷர். அவர்கூட, "பச்சைப் புல்லு மலை ஒண்ணு இருக்குமேம்மா, அது எங்கே? இது கம்ப்யூட்டர் மாதிரியே இல்லையே" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சேகரைக் கூப்பிட்டு, நாலு திரையிலும் விண்டோஸில் வருகிற மாதிரியே எங்கிருந்தாவது ஒரு பச்சை மலைப் படத்தை எடுத்து ஒட்டச் சொன்னேன். உள்ளே ஒன்றும் மாறவில்லை. படம் மட்டும்தான். அடுத்த வாரம் வாத்தியார் வந்து உட்கார்ந்து பேத்தியைப் பார்த்தார், பக்கத்து நாற்காலிக்காரனுக்கும் காட்டினார், போகும்போது மனசார வாழ்த்தினார்: "இப்பதாம்மா கம்ப்யூட்டர் மாதிரி இருக்குது."

பல்லும் இல்லை, காலும் இல்லை

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். லினக்ஸும் என் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் கொட்டிக்கொண்டது. என் பிரிண்டரை அது மனுஷனாகவே மதிக்கவில்லை. வயரை மாற்றினோம், அணைத்துப் போட்டோம், சாமி கும்பிட்டோம். அசையவில்லை. சேகர் எங்கிருந்தோ எதையோ இறக்கிச் சரிபண்ணுகிற வரைக்கும், நான் அடித்ததையெல்லாம் எதிர்க்கடை நடராஜனிடம் கொண்டுபோய்த்தான் பிரிண்ட் எடுக்கவேண்டி வந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர், எனக்குப் போட்டி. ரோட்டைத் தாண்டுவதற்குள் எனக்கு மானம் போய்விடும்.

ஏற்கெனவே என் கடை நாற்காலி பாதி காலி. அவர் கடையில் கூட்டம். பழையபடி நகல் சிடிக்கே போய்விடலாமா என்று அந்த நாட்களில்தான் யோசித்தேன். ஒருநாள் கல்வெட்டு மாதிரி நீளமான பத்திரம் ஒன்றை எடுத்துப் போனேன். நடராஜன் கடையில் நின்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுச் சொன்னார்: "தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சிப் பாக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க, அக்கா வாங்கியாந்த மாட்டுக்குக் காலே இல்ல போல இருக்குது." அங்கே நின்றவர்கள் சிரித்த சிரிப்பைக் கேட்ட பிறகு, செத்தாலும் பழசுக்குத் திரும்புவதில்லை என்று முடிவு பண்ணினேன்.

சூளை வாசலில் வைத்த சிடி

கலியபெருமாள் யூனிட் ஆபீஸ் கம்ப்யூட்டரும் ஒருநாள் படுத்தது. சேகர் மாமனார் ஊரான வேப்பூருக்குப் போயிருந்தான். வேறு வழியில்லாமல் கலியபெருமாள் என்னிடமே வந்து, "அந்த ஓசி சிடியைத்தான் குடுங்களேன், போட்டுத்தான் பாப்போம்" என்றார். கேட்கிறாரே என்று எனக்கு ஒரே பூரிப்பு. என்னிடம் இருந்தது அந்த ஒன்றுதான். சேகர் நாளைக்கு வந்து போட்டுத் தருவான் என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் சேகரோடு நானும் போனேன். அன்றைக்குச் சூளை மூட்டுகிற நாள். அவர்கள் தொழிலில் புதிதாக எது வந்தாலும், அச்சோ கலவையோ, சூளை வாசலில் வைத்துப் பொட்டிட்டுக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் எடுப்பார்கள். என் சிடிக்கும் அந்த மரியாதை நடந்திருக்கிறது. அட்டையைக் கழற்றி, பளபளக்கிற பக்கத்தில் சந்தனம் குழைத்துப் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, சூளை வாசலில் சாய்த்து வைத்திருந்தார்கள். தீ மூட்டிய பிறகும் எடுக்க மறந்துவிட்டார்கள். நான் பார்த்தபோது அது எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி சுருண்டு கிடந்தது.

நான் போட்ட கூச்சலில் களிமண் பிசைந்துகொண்டிருந்த பெண்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். "இது பொம்மையா, வேக வைக்கிறதுக்கு?" என்று கேட்டேன். கலியபெருமாளுக்கு முகத்தில் ஒரு சின்ன வருத்தம்கூட இல்லை. என்னைத்தான் விவரம் இல்லாதவளாகப் பார்த்தார். "சாமிக்கு வைக்காம எதையும் உள்ள ஏத்துறதில்லீங்கக்கா, எங்க தொழில்ல."

ஒளிந்திருந்தது

அடுத்த கொலுவும் வந்தது. இந்தத் தடவை நாலு பேரும் பட்டியல் வேலையை என்னிடம் கொடுக்கவில்லை. நடராஜன் கடைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அது போனால் கடையை மூட வேண்டியதுதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கெஞ்சிப் போய் நிற்க மனசு வரவில்லை. சென்னைக்கு அனுப்ப வேண்டிய அன்றைக்குச் சாயங்காலம், எதிர்க்கடையில் ஒரே சத்தம். பென்டிரைவில் ஒன்றையும் காணோமாம். நடராஜன் கம்ப்யூட்டரிலும் இல்லையாம். கொஞ்ச நேரத்தில் நாலு பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தார்கள். கலியபெருமாள் கழுத்திலிருந்து மஞ்சள் கயிற்றைக் கழற்றி என் மேசையில் வைத்தார். "பாருங்கக்கா. இந்த வருசமும் போச்சுன்னா சூளைக்கு வெறகு வாங்க வழி இல்ல" என்றார்.

செருகினேன். எல்லாம் இருந்தது. தசாவதாரம், கிருஷ்ணன், செட்டியார் பொம்மை, விலை எல்லாம் அப்படியே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே அதே பெயரில் ஒரு போலியும் உட்கார்ந்திருந்தது. அந்த வைரஸ் எதையும் அழிப்பதில்லையாம். நிஜத்தை ஒளித்துவிட்டு, அதே பெயரில் போலியை வைத்துவிடுமாம், அதைத் திறந்தால் ஒன்றும் இருக்காதாம். விண்டோஸ்காரன் கண்ணுக்கு ஒளிந்தது தெரியாது. லினக்ஸிடம் அந்தக் கண்கட்டு பலிக்காது. சேகர் போனில் இதைச் சொன்னபோது எனக்குச் சுரீர் என்றது. அப்படியானால் போன வருஷமும் எல்லாம் உள்ளேதான் இருந்திருக்கிறது. "போச்சுக்கா" என்று சொல்லித் துடைத்தது இவன். ராத்திரி பகலாகத் திரும்ப அடித்த என் விரல் வலி, போன ஆர்டர், வாங்கின பேச்சு எல்லாமே வீண். போனிலேயே அவனைப் பிடி பிடி என்று பிடித்துவிட்டு, நாலு பட்டியலையும் சென்னைக்கு அனுப்பினேன். வந்து சேர்ந்தது என்று பதிலும் வந்தது.

நாலு பேருக்கும் உயிர் வந்தது. ஒரு வார்த்தை நன்றி சொல்வார்கள் என்று நானும் முட்டாள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன். கலியபெருமாள் திரையை உற்றுப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கூட வந்த மூன்று பேரையும் பார்த்தார். அப்புறம் பென்டிரைவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே, வாசலுக்குக் கேட்கிற குரலில் கேட்டார்: "ஊரு பூரா தேடியும் கெடைக்காதது ஒங்க மிஷின்ல மட்டும் இருக்குதுன்னா, போன வருசமும் நீங்கதான் ஒளிச்சி வச்சிருந்தீங்களாக்கா?"

கடை மூடவில்லை, நாலு பேரும் மறு வருஷமும் என்னிடம்தான் வந்தார்கள், ஆனாலும் ஒன்று சொல்கிறேன்: கம்ப்யூட்டருக்கு எது நல்லது என்று பார்த்து எடுக்க ஒரு மத்தியானம் போதும், எடுத்த பிறகு ஊரோடு ஒத்துக் குடித்தனம் பண்ணத்தான் ஒரு ஆயுசு பத்தாது.