நூல் கடைக் கணக்குப்பிள்ளை

அவரைக் கணக்குப்பிள்ளை என்றே எல்லோரும் கூப்பிட்டோம், பெயர் தெரியாது. எழுதி முடித்ததும் பேனா முனையைத் தலைமயிரில் துடைப்பார். அதனால் காதோர நரை எப்போதும் நீலமாக இருக்கும்.

அவர் கடைசியாக அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் எட்டாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். தறி நெய்ய அப்பா நூல் வாங்கிய கடன் எழுபது ரூபாய் என்றார் கடை முதலாளி. பாதி நூல் இற்றுப்போனது, முப்பதுதான் தருவேன் என்றார் அப்பா. கடைசியில் நாற்பத்தைந்தோடு தீர்த்துக்கொள்வதாகப் பேசி முடித்திருந்தார்கள்.

கணக்குப்பிள்ளை பணத்தை வாங்கிக்கொண்டு கடன்பத்திரத்தின் பின்புறம் எழுதினார். அப்பா கைநாட்டு வைக்கப் போனார்.

"இருங்க, கண்ணு படிக்கட்டும்," என்று கணக்குப்பிள்ளை அதை என்னிடம் நீட்டினார்.

'ரூபாய் நாற்பத்தைந்து வரவு' என்று மட்டும் இருந்தது. அப்படி எழுதினால் மீதி இருபத்தைந்து நிற்கும். பக்கத்துத் தெருக்காரர் தறியை இழந்தது அப்படித்தான்.

"கடன் முழுக்கத் தீந்துச்சுன்னு எழுதலீங்களே?"

"பாவு ஓட்டற ஊட்டுல வக்கீலம்மா பொறந்திருக்குதுங்க," என்று அப்பாவிடம் சிரித்தார். பிறகு அதை அடித்துவிட்டு, 'முழுக் கடனும் தீர்ந்தது' என்று எழுதிக் கையெழுத்திட்டு, பத்திரத்தையே எங்களிடம் கொடுத்துவிட்டார்.

"மொதலாளி கேட்டா, புள்ள என்னைய உடலைன்னு சொல்லிக்கிறேன்."

ஏமாற்ற வந்தவரைப் பிடித்துவிட்டதாகத் தெரு முழுக்கப் பெருமையடித்தேன். அடுத்த மாதம் கடையில் கணக்குப்பிள்ளையின் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். ஏமாற்ற வந்தவர் என்னை ஏன் படிக்கச் சொன்னார் என்று அன்றுதான் யோசித்தேன்.