ஐந்தாம் வார்த்தையும் இரண்டு சுற்றும்

செங்காட்டுவிளையில் இயேசு யார் என்று கேட்டால் வீட்டுக்கு ஒரு பதில் கிடைக்கும். சபைச் செயலாளர் நேசையனுக்கு அவர் மேலிடம். எந்தத் தீர்மானம் போட்டாலும் அவருடைய ஒப்புதலை முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பார் நேசையன். பேபிக்கு அவர் கைராசிக்கார டாக்டர். கல்ஃபுக்குப் போகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு விசா அடித்துக் கொடுப்பவர். பேபியின் கணவர் ஜெபதாசுக்கு மட்டும் அவர் கட்சிக்காரர். அதாவது ஜெபதாஸின் கட்சிக்காரர். போன ஆவணியில் நடந்த சபைத் தேர்தலில், செயலாளர் பதவிக்கு நின்று மூன்று ஓட்டில் நேசையனிடம் தோற்றபோதுகூட, இயேசுவின் ஓட்டு தனக்குத்தான் விழுந்தது என்பதில் ஜெபதாசுக்குச் சந்தேகமே இல்லை. கவிழ்த்தது நேசையன் குடியிருக்கும் கீழத்தெருக்காரர்கள்.

ஜெபதாஸ் ஊரின் தண்ணீர்த் தொட்டிக்காரர். சவூதியின் தமாமில் மூன்று வருஷம் பம்பு ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தவரைப் பஞ்சாயத்து பிடித்துக்கொண்டது. இருபத்திரண்டு வருஷமாக வேலை தற்காலிகம்தான். விடிகாலையில் மோட்டார் போட்டுத் தொட்டியை நிறைப்பார். முதலில் அவர் குடியிருக்கும் மேலத்தெருவுக்கு ஒரு மணி நேரம் திறப்பார். பிறகு அதை அடைத்துவிட்டுக் கீழத்தெருவுக்குத் திறப்பார். வால்வின் சாவி அவர் இடுப்பிலேயே கிடக்கும். அஞ்சுகிராமத்தில் கல்யாணத்துக்குப் போனாலும் சாவி பட்டுவேட்டிக்குள் துருத்திக்கொண்டு நிற்கும்.

கீழத்தெரு வால்வை முழுதாகத் திறக்க ஆறு சுற்று சுற்ற வேண்டும். தேர்தலுக்கு மறுநாள் முதல் ஜெபதாஸ் இரண்டு சுற்றோடு நிறுத்திக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. பேபியிடம்கூட. தண்ணீரை நிறுத்தினால் பாவம். குறைத்தால் அது பிரஷர் கோளாறு. பாவத்துக்கும் கோளாறுக்கும் நடுவே உள்ள அந்த நாலு சுற்றில் மனிதர் ஏழெட்டு மாதம் நிம்மதியாகக் குடியிருந்தார்.

நேசையனின் மருமகள் ஜெப்சி ஒருநாள் தொட்டியடிக்கே வந்து, இரண்டு குடத்துக்கு மேல் வரவில்லை, கோயில் கிணற்றுத் தண்ணீர் உப்பு, பிள்ளைக்குப் பால் கலக்கினால் திரிகிறது என்றெல்லாம் சொன்னாள். ஜெபதாஸ் பூமிக்கடியில் உள்ள குழாயின் வயது, மேடு பள்ளம், தமாமில் இதே போல் நடந்த ஒன்று என விளக்கினார். அவள் கடைசிவரை கேட்டாள். “செரி மாமா, பிரஷருக்காக நாங்க ஜெபிக்கோம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னது குத்தலா, மெய்யாகவே ஜெபமா என்பது அவருக்குப் பிடிபடவில்லை. கீழத்தெருவில் மனு எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று அதற்கடுத்த வாரம் காதில் விழுந்தது. தற்காலிக வேலை போக ஒரு மனு போதும்.

இந்த நிலைமையில்தான் பெரிய வெள்ளி வந்தது.

அன்று பன்னிரண்டு மணி முதல் மூன்று வரை கோயிலில் மும்மணி ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளையும் சபையார் ஏழு பேர் ஆளுக்கு ஒன்றாகப் பிரசங்கிப்பார்கள். யாருக்கு எது என்பது பத்து நாளைக்கு முன்பே சீட்டுக் குலுக்கி முடிவாகும். மன்னிப்பைப் பற்றிய முதல் வார்த்தைக்கு எல்லாருக்கும் ஆசை, அழ வைத்துவிடலாம். ஐந்தாவதற்கு ஆள் கிடையாது. “தாகமாயிருக்கிறேன்.” அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் எப்படி ஓட்டுவது?

காணிக்கைப் பைக்குள் கைவிட்டு ஜெபதாஸ் எடுத்த சீட்டில் ஐந்து என்று இருந்தது. போதகர் அதை உரக்க வாசித்தார். யாரும் சிரிக்கவில்லை. கீழத்தெருக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கோயில் கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஆறாம் வார்த்தை நேசையனுக்கு விழுந்தது. போகிற போக்கில் அவர் ஜெபதாஸின் தோளைத் தட்டி, “உமக்கு ஏத்ததுதான் கெடச்சிருக்கு ஓய், ஒரே வார்த்தை” என்றார்.

ஜெபதாஸ் போனில் பிரசங்கம் பிரசங்கமாகக் கேட்டுப் பதினோரு பக்கம் எழுதினார். சிலுவையில் இயேசுவுக்குக் குடிக்கக் கொடுத்த காடி என்ற புளித்த ரசம் எதிலிருந்து வந்தது என்று ஒரு பக்கம். ரோமப் போர்ச்சேவகர்களின் சம்பளம் பற்றி ஒன்றரைப் பக்கம். முத்தாய்ப்பாக ஒரு கருத்து கிடைத்தது. அதை வசனத்துக்கு அடுத்த வரியாக, சிவப்பு மையில் எழுதினார்: இது சரீரத் தாகம் அல்ல, ஆத்தும தாகம். எழுதிய பிறகு அவருக்கு நெஞ்சு லேசானது. ஆத்தும தாகத்துக்கு வால்வு இல்லை.

வெள்ளி விடிகாலையில் மோட்டார் போட்டு, மேலத்தெருவுக்குத் திறந்தார். நடுவே கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு வந்து, கண்ணாடி முன் நின்று பதினோரு பக்கத்தையும் ஒரு முறை பேசிப் பார்த்தார். சிவப்பு மை வரியில் குரல் கம்மியது. அந்தக் கம்மல் அவருக்கே பிடித்துப்போய், உச்சி வெயில் நெருங்கும்வரை மறுபடி மறுபடி பேசினார். பிறகு குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக் கோயிலுக்குப் போனார்.

ஏழு பேருக்கும் பலிபீடத்தின் பக்கத்தில் சபையாரைப் பார்த்தபடி ஏழு நாற்காலி. நோன்பு நாள், மூன்று மணி ஆகும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் கஞ்சியும் பயறும் உண்டு. மூன்றாம் வார்த்தையைப் பேபியின் சித்தப்பா பேசிக்கொண்டிருந்தபோது ஜெபதாஸ் தற்செயலாக ஜன்னல் வழியே பார்த்தார். முற்றத்துக் குழாயடியில் ஜெப்சி நின்றாள். குழாயைத் திருகினாள். ஒன்றும் வரவில்லை. இன்னும் திருகினாள். குழாயைத் திறந்தபடியே விட்டு, அதன் அடியில் கஞ்சி அண்டாவை நகர்த்தி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். ஜன்னலுக்குள் நேராக அவரைப் பார்த்தாள்.

கோயில் குழாய் கீழத்தெரு லைன்.

கீழத்தெருவுக்குத் திறக்கவே இல்லை. இரண்டு சுற்றுகூட. மேலத்தெரு வால்வு இப்போதும் முழுதாகத் திறந்து கிடக்கிறது. தொட்டி காலியாகியிருக்கும். சாவி வேட்டிக்குள் இடுப்பைக் குத்தியது.

ஏழெட்டு மாதம் வேண்டுமென்றே செய்தபோது யாரும் முகத்துக்கு நேரே குற்றம் சொல்லவில்லை. இன்று மெய்யாகவே மறந்துபோனார். நம்ப ஒரு ஆள் இல்லை. இதற்கு ஜெபதாஸ் தன் கட்சிக்காரரான இயேசுவிடம் நியாயம் கேட்டார்.

எழுந்து ஓடலாம். தொட்டிக்குப் பைக்கில் ஐந்து நிமிஷம். ஆனால் ஏழு நாற்காலியில் ஒன்று காலியானால் முந்நூறு பேருக்குத் தெரியும். தாகத்தைப் பேச வேண்டியவன் பயந்து ஓடினான் என்று அடுத்த பெரிய வெள்ளி வரை சொல்லுவார்கள். சாவியைப் பேபியிடம் கொடுத்து அனுப்பலாம். அவள் பெண்கள் பக்கம், எட்டாவது பெஞ்சில் கண்ணை மூடி இருந்தாள். குழாய் விஷயத்தை மூடிவைத்து, எழுதியதைப் பேசி இருபது நிமிஷத்தை ஓட்டிவிடலாம். பிரஷர் என்று ஒரு சொல் இருக்கவே இருக்கிறது. ஆனால் இன்றைக்கு அது நிற்குமா? மனு இதுவரை போகாவிட்டால் திங்கள்கிழமை கட்டாயம் போகும்.

நாலாம் வார்த்தை தொடங்கியது. கைவிடப்பட்டதைப் பற்றிய வார்த்தை. பேசியவர் நீட்டி முழக்கினார். வழக்கமாக இதற்கு எரிச்சல்படும் ஜெபதாஸ், அவர் இன்னும் நீட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். பங்குனி வெயில் கூரையைச் சுட்டது. முன் பெஞ்சில் ஜெப்சியின் பிள்ளை தண்ணீருக்குச் சிணுங்க, அடுத்து இருந்தவர்கள் அதன் வாயைப் பொத்தாமல் பொத்தினார்கள். ஜெபதாசுக்கும் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பதினோரு பக்கத்திலும் இப்படி ஒட்டும் என்று அவர் எழுதியிருக்கவில்லை.

போதகர் அவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

பிரசங்க பீடத்தில் காகிதத்தை விரித்தார். “தாகமாயிருக்கிறேன்” என்று வாசித்தார். அடுத்த வரி சிவப்பு மையில் தயாராக இருந்தது. ஜெப்சி கோயில் வாசலில் காலிக் குடத்தோடு நின்றாள். அவள் எதையும் மனதில் வைத்து நிற்கவில்லை. கிணற்றடிக்குப் போகிற வழியில் ஐந்தாம் வார்த்தை என்றதும் நின்றாள், அவ்வளவுதான். சிவப்பு மை வரியை வாசிக்க ஜெபதாசுக்கு வாய் வரவில்லை.

“அவரு தண்ணிதான் கேட்டாரு” என்றார்.

அது குறிப்பில் இல்லாத வரி. சொன்ன பிறகு அவரே அதைக் கேட்டதுபோல் நின்றார்.

“வேற ஒண்ணும் கேக்கல்ல. தண்ணி. ஆத்துமாவுன்னு நான் எழுதிக்கொண்டு வந்தேன். இண்ணைக்குக் கீழத்தெருவுக்கு நான் தொறக்கல்ல. மறந்துபோனேன். மெய்யாட்டே மறந்ததாக்கும்.” யாருடைய முகமும் அசையவில்லை. “நேத்து மறக்கல்ல. ஆவணியில இருந்து மறக்கல்ல. ஆறு சுத்து தொறக்கணும். ரெண்டுதான் தொறந்தேன். பிரஷர்னு சொன்னது பொய்யி.”

பேபி கண்ணைத் திறந்தாள்.

“நான் போயித் தொறந்துட்டு வாரேன்” என்றார் ஜெபதாஸ். பதினோரு பக்கத்தையும் பீடத்திலேயே விட்டுவிட்டு, நடுவழியாக நடந்தார். நடப்பதற்கு அவ்வளவு நீளமான கோயில் அது இல்லை, அன்று இருந்தது. வாசலில் ஜெப்சி குடத்தை இடுப்பில் ஒதுக்கி வழிவிட்டாள். ஐந்தாம் வார்த்தை மூன்று நிமிஷத்தில் முடிந்த வரலாறு அந்தச் சபைக்குக் கிடையாது. மிச்சம் பதினேழு நிமிஷத்தை என்ன செய்வது என்று தெரியாமல் போதகர் ஒரு பாட்டுக்கு எண் சொன்னார்.

மோட்டாரைப் போட்டு, மேலத்தெருவை அடைத்து, கீழத்தெரு வால்வில் சாவியைச் செருகினார். மூன்றாம் சுற்று துருவில் இறுகியிருந்தது. நாலு, ஐந்து, ஆறு. உள்ளங்கை தோல் உரிந்தது.

கோயிலில் நேசையன் ஆறாம் வார்த்தையைப் பாதி பேசியிருந்தபோது முற்றத்தில் குழாய் இருமியது. காற்று சீறியது. பிறகு காலி அண்டாவில் தண்ணீர் விழுகிற சத்தம், தகர ஓட்டில் மழை மாதிரி. நேசையன் நிறுத்தினார். அண்டா நிறைந்து ஜெப்சி குழாயை அடைத்த பிறகுதான், ஆறாம் வார்த்தையான “முடிந்தது” என்று மறுபடி தொடங்கினார். இதையெல்லாம் பேபிதான் பிற்பாடு ஜெபதாசுக்குச் சொன்னாள், ஒரு வாரம் பேசாமல் இருந்த பிறகு.

அன்று மூன்றரை மணிக்குத் தொட்டியடிக்கு வந்தவர் நேசையன். கையில் தூக்குவாளி. ஜெபதாஸ் எழுந்தார். என்ன வரப்போகிறது என்று தெரியாமல் சாவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“கஞ்சி” என்றார் நேசையன். “முதல் அண்டா கெணத்துத் தண்ணியில வச்சது. உப்பு தனியாப் போட வேண்டாம்.”

ஜெபதாஸ் வாங்கிக்கொண்டார். நேசையன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துக் காட்டினார். நாற்பத்தொரு கையெழுத்து. திங்கள்கிழமைக்காக வைத்திருந்தது.

“இதுல ஒரு சுத்துன்னு எழுதியிருக்கேன். ரெண்டுன்னு நீரு சொல்லித்தான் தெரியும்.”

“அப்போ எல்லாருக்கும் தெரியுமா?”

“பொம்பளையளுக்கெல்லாம் தெரியும் ஓய். கொடம் நெறைய எம்புட்டு நேரம் ஆவும்னு அவளுவளுக்குத் தெரியாதா?” நேசையன் தாளை மறுபடி மடித்தார். “பொய்யான மனுவக் குடுக்கப்படாது. மாத்தி எழுதணும்.”

“மாத்தி எழுதிக் குடுப்பீரா?”

நேசையன் தாளைக் கிழிக்கவில்லை. பையில் வைத்துக்கொண்டார். தேர்தலில் தனக்கு ஓட்டுப் போடாதவர்கள் யார் யார் என்று அவருக்கும் ஒரு கணக்கு உண்டு. அதைப் பற்றி அன்றைக்குப் பேச வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, தொட்டியின் நிழலில் உட்கார்ந்து தலைத் துண்டால் முகத்தைத் துடைத்தார். அறுபத்தாறு வயது. காலையிலிருந்து பட்டினி. இருபது நிமிஷப் பிரசங்கம். மூன்று மணிக்குக் குடித்த உப்புக் கஞ்சி.

“கொஞ்சம் தண்ணி தாரும் ஓய்” என்றார்.

ஜெபதாஸ் தூக்குவாளியின் மூடியைக் கழற்றி, தொட்டியின் அடியில் இருந்த சின்னக் குழாயைத் திறந்து, வழிய வழியப் பிடித்து இரண்டு கையாலும் நீட்டினார்.