ஹர்த்தால் நாளும் வேலை நாள்தான்

2006ஆம் ஆண்டு. களுவாஞ்சிக்குடியில் இருந்த அந்த நிவாரணக் கந்தோரில் எக்ஸெல் தெரிந்த ஒரே ஆள் டொமினிக். சொந்த ஊர் மாங்கேணி. சண்டையில் பாதை அடைபட்டுப் போனதால் வீட்டுக்குப் போக வழியில்லை. போராளிகள் பிடியிலிருந்த வாகரைப் பக்கத்துத் தனி ஆம்பிளை என்றதும் அறை கொடுக்க ஒருவரும் துணியவில்லை. கந்தோர்ப் பூட்டின் திறப்பு அவன் கையில்தான் என்பதால், பின்னறையில் கடுதாசிப் பெட்டிகளுக்கு நடுவே களவாகப் படுத்து எழும்பினான். அது தெரிந்தவள் தேத்தண்ணி ஊற்றும் இராசாத்தி ஒருத்தி மட்டும்.

இப்போது அவளுடைய வேலை ஊசலாடியது. ஜனவரி முதல் செப்டம்பர் வரை நூற்றெண்பது வேலைநாள் வந்திருந்தால் நிரந்தரம், குறைந்தால் வீட்டுக்கு. நாளை எண்ண டொமினிக் எக்ஸெலில் இரண்டு திகதிகளையும் கொடுத்தான். சனி, ஞாயிறை கொம்பியூட்டர் தானே கழித்தது. பௌர்ணமிப் போயா, பெருநாள் என்று விடுமுறைப் பட்டியலையும் காட்டினான். நூற்றெண்பத்துநாலு. இராசாத்தி ஒரு நாளும் லீவு எடுத்தவளில்லை. அவனுக்கு மனம் குளிர்ந்தது.

"ஹர்த்தால் ஏழு நாளையும் விடுமுறையில போடும்," என்றார் பொறுப்பதிகாரி வினாயகமூர்த்தி.

போட்டான். நூற்றெழுபத்தேழு. இயந்திரத்துக்கு என்ன, சொன்னதைக் கழித்துவிட்டுச் சும்மா இருந்தது.

ஆனால் அந்த ஏழு நாளும் இராசாத்தி வந்திருந்தாள். கடையெல்லாம் பூட்டிக் கிடக்க, செட்டிபாளையத்திலிருந்து வாவிக்கரையால் நடந்தே வந்தாள். கந்தோரைக் கூட்டி, தண்ணீர் அள்ளி வைத்துவிட்டு, முந்தானைக்குள் மறைத்து வந்த சோற்றுப் பொட்டலத்தை அவனிடம் நீட்டுவாள். வரவுப் புத்தகம் அலுமாரிக்குள் பூட்டியிருந்ததால் கையெழுத்து இல்லை. அந்த நாட்களில் அவன் கேட்ட மனிதக் குரல் அவளுடையது ஒன்றுதான். மற்ற நேரமெல்லாம் தனிமை அவனைத் தின்றது.

இரண்டு நாள் அதிகாரியின் அறை வாசல்வரை போய்த் திரும்பினான். சொன்னால் பின்னறை போய்விடும், பிறகு தெருதான். பயந்தான், பயந்ததற்காக வெட்கப்பட்டான். மூன்றாம் நாள் உள்ளே போனான்.

"ஏழு நாளும் அவ வேலை செய்தவ, சேர். நான் கண்டனான்."

"பூட்டின கந்தோருக்குள்ள நீர் எப்பிடிக் கண்டீர்?"

"உள்ளுக்குத்தான் படுக்கிறனான்."

வினாயகமூர்த்தி கெட்டவரல்ல. ஏழு நாளையும் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி, அவளை நிரந்தரமாக்கும் தாளில் கையெழுத்தும் வைத்தார். பிறகு பூட்டின் திறப்பைத் தரும்படி கை நீட்டினார்.

அன்று பின்னேரம் டொமினிக் உடுப்புகளை உரப்பைக்குள் திணித்துக்கொண்டிருக்க, இராசாத்தி அழுத கண்ணோடு ஓடி வந்தாள்.

"ஏன் தம்பி சொன்னீங்க?"

அவன் உரப்பையின் வாயை இறுக்கிக் கட்டினான்.

"நாளைக்கும் ஹர்த்தாலாம்," என்றாள். "சோத்த எங்க கொண்டு வாற?"

அவளுக்குச் சொல்ல அவனிடம் ஓர் இடமும் இருக்கவில்லை.