மெழுகுப்புழுவும் அக்காவின் விரலும்

திண்டிவனத்தில் நான் ஆராய்ச்சி செய்த கல்லூரியில் எலிகள் கிடையாது. எலி என்றால் விலங்குச் சோதனைக்கான கமிட்டியிடம் அனுமதி வாங்க வேண்டும். புழுவுக்காக யாரும் கேள்வி கேட்பதில்லை. தேன்கூட்டை அரித்துத் தின்னும் மெழுகுப்புழுக்களை டப்பாக்களில் வளர்த்து, நோயாளிகளின் புண்ணிலிருந்து எடுத்த கிருமியை ஊசியால் அவற்றுக்குள் ஏற்றுவோம். மனித உடம்பின் சூட்டிலும் அவை உயிரோடிருக்கும் என்பதால்தான் அவற்றைத் தேர்ந்தெடுத்தோம். கிருமியிடம் தோற்கும் புழு கறுத்துச் செத்துப்போகும்.

அனந்தபுரம் பக்கத்தில் எங்கள் ஜைனக் குடும்பத்தில் தேனைக்கூடத் தொடமாட்டார்கள். அம்மாவிடம், "கிருமியப் பத்திப் படிக்கிறேம்மா" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். ஊசி போடுவதெல்லாம் லேபில் எனக்கு மூத்தவரான அக்காதான். கோலியனூர்க்காரர், விவசாயக் குடும்பம். கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

ஒருமுறை விழுப்புரத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து, ஆறாத கால் புண்ணில் எடுத்த கிருமி வந்தது. ஏற்றிய மறுநாளே புழுக்கள் அத்தனையும் புளியங்கொட்டை மாதிரி கறுத்துக் கிடந்தன. எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்க இரண்டு மருந்துகளை எடுத்துக்கொண்டோம். அக்கா கிருமியை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒரு புழு நெளிந்தது. ஊசி அதைத் தாண்டி அவர் விரலில் இறங்கியது.

அக்கா கையுறையைக் கழற்றி, குழாயடியில் விரலைப் பிதுக்கிப் பிதுக்கி ரத்தம் வரவைத்தார்.

"லேப் மேடத்தாண்ட சொல்லிடலாம்க்கா."

"சும்மா இருடி. சின்னக் குத்து. தெரிஞ்சா வேலையவே நிறுத்திடுவாங்க."

மறுநாள் காலை டப்பாக்களைத் திறந்தோம். முதல் மருந்து கொடுத்த புழுக்கள் கறுத்திருந்தன. இரண்டாவது மருந்து கொடுத்தவை வெளுப்பாகவே ஊர்ந்துகொண்டிருந்தன. அக்கா இடது கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"கைய காட்டுங்கக்கா."

விரல் பளபளவென்று வீங்கியிருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கையை நோக்கி ஒரு சிவப்புக் கோடு ஏறிக்கொண்டிருந்தது.

"மாத்திரை போட்டுக்கினு இருக்கேன். வத்திடும்" என்றார். எந்த மாத்திரை என்று கேட்டேன். பெயரைச் சொன்னதுமே இருவரும் கறுத்த டப்பாவைப் பார்த்தோம்.

நான் மேடத்திடம் ஓடினேன். விழுப்புரம் போகும் வழியெல்லாம் காரில் அக்கா ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை, "உன்ன யாரு சொல்லச் சொன்னா?" என்றார். அவர் பல் கிட்டியது. குளிர்காய்ச்சல் ஆரம்பித்துவிட்டிருந்தது.

அந்தக் கிருமியை அனுப்பிய ஆஸ்பத்திரிக்கே போய், டாக்டரிடம் புழுக்களைப் பற்றிச் சொன்னேன்.

"புழு பொழச்சதுன்னா மனுஷனும் பொழைப்பான்னு அர்த்தம் இல்லம்மா" என்றார் அவர். ஆனாலும் அந்த இரண்டாவது மருந்தைத்தான் நரம்பில் ஏற்றினார். விரலை இரண்டு முறை கீறிச் சீழ் எடுத்தார்கள். கோடு மெல்ல இறங்கியது. அக்கா பிழைத்துக்கொண்டார். விரல் மட்டும் மடங்குவதில்லை.

அவரை வீட்டுக்கு அனுப்பிய அன்று டாக்டர் என்னைத் தனியே அழைத்தார்.

"வார்டுல இன்னும் சில பேருக்கு அதே மாதிரி புண்ணு. மருந்து முன்ன மாதிரி கேக்கல. புது சாம்பிள் அனுப்பறேன், போட்டுப் பாக்கறீங்களா?"

மடங்காத விரலோடு அக்காவால் இனி புழுவை இறுக்கிப் பிடித்து ஊசி போட முடியாது. முதல்முறையாக நான் ஊசியை எடுத்தேன். விரல்களுக்கிடையே புழு மெத்தென்று இருந்தது. ஊசி இறங்கியதும் சுருண்டது.

அடுத்த நாள் காலை டப்பாக்களைத் திறந்தேன். இரண்டு மருந்திலும் ஒரு வெளுத்த புழுகூட மிஞ்சவில்லை. டாக்டருக்குப் போன் செய்தேன்.

"எல்லாமேவா?"

"எல்லாமே சார்."

போனில் டாக்டருக்குப் பின்னால், வார்டிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"எப்ப சார் இவர வூட்டுக்கு அனுப்புவீங்க?"